சிவக்காத சோதனைக் குழாய்

அந்த ஆராய்ச்சி நிலையத்தில் அவளை எல்லோரும் பிளேடு அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பேசியே கழுத்தை அறுப்பவள் என்பதால் அல்ல. அவள் வாயைத் திறப்பதே அபூர்வம். கேரட் துண்டைப் பிளந்து, நடுவில் இலையைச் செருகி, சவர பிளேடால் அவள் சீவிப் போடும் சீவல் தண்ணீரில் மிதந்தால், இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டும். அவ்வளவு மெல்லிசு. செடியின் செல்களை நுண்ணோக்கியில் பார்க்க அப்படிப்பட்ட சீவல்தான் வேண்டும். கண்ணாடிப் பாத்திரம் கழுவ வந்தவள், இருபத்து நான்கு வருஷத்தில் பார்த்துப் பார்த்தே இந்த வேலையைப் பிடித்துக்கொண்டாள். பட்டம் வாங்கியவர்கள் சீவினால் இலை கிழியும், அல்லது விரல் கிழியும். விரல் கிழிந்தவர்களுக்குப் பஞ்சும் மருந்தும் அவள் மேசை இழுப்பறையில் தயாராக இருக்கும். அதை எடுத்துக் கொடுக்கும்போது அவள் உதட்டோரம் ஒரு சிரிப்பு வரும். அதற்குப் பயந்தே பலர் விரலை வாயில் வைத்துக்கொண்டு கழிவறைக்கு ஓடினார்கள்.

படிப்பின் மேல் அவளுக்குக் கோபம் கிடையாது. படித்துவிட்டுக் கண்ணைத் திறந்து பார்க்காதவர்கள் மேல்தான் இளக்காரம். அந்த வரிசையில் முதல் ஆள் பிரிவுத் தலைவர். அவருக்கு அவள் மனதுக்குள் வைத்திருந்த பெயர் மேதை.

மேதை ஒரு தக்காளி ரகத்தை உருவாக்கியிருந்தார். பதினான்கு நாள் தண்ணீர் இல்லாவிட்டாலும் வாடாதாம். அதற்குச் 'சிங்கம்' என்று பெயரும் வைத்தாகிவிட்டது. பக்கத்து மேசையில் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த வழக்கமான ரகத்துக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. அது வெறும் சாதா. ஒருநாள் பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். மேதை ஒரு தொட்டியைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு படத்துக்கு நின்றார். 'வறட்சியோடு போராடும் வீரன்' என்று மறுநாள் கொட்டை எழுத்தில் வந்தது.

பிளேடு அக்கா அதை வீட்டில் படித்துவிட்டு, தையல் மெஷினில் குனிந்திருந்த கணவரிடம் காட்டினாள்.

"செடி எங்கயாவது போராடுமா? கதவ சாத்திக்கிட்டு உள்ள உக்காரும். அது கூடத் தெரியல இவருக்கு."

"அவரு என்னவோ சொல்லிட்டுப் போறாரு. உனக்கெதுக்கு வம்பு?" என்றார் அவர், வாயில் கவ்வியிருந்த ஊசியை எடுக்காமலே.

ஆனால் அவள் கண்ணால் பார்த்தவள். மண் காய்ந்தால் வேரிலிருந்து இலைக்குச் சேதி போகும். இலையின் அடிப்பக்கம் முழுக்கப் பொடிப் பொடித் துளைகள். ஒவ்வொன்றுக்கும் உதடு மாதிரி இரண்டு காவல் செல்கள். சேதி வந்ததும் அவை உள்ளிருக்கும் தண்ணீரை விட்டுத் தளரும், வாய் மூடிக்கொள்ளும். உள்ளே ஒவ்வொரு செல்லும் சர்க்கரையையும் புரோலின் என்ற பொருளையும் தன் சாற்றில் கூட்டிக்கொண்டே போகும். சாறு கெட்டியானால் இருக்கிற தண்ணீர் வெளியே ஓடாது. சூட்டில் உருக்குலையும் புரதங்களைத் தாங்கிப் பிடிக்க வேறு புரதங்கள் கிளம்பி வரும். இதெல்லாம் சும்மா நடப்பதில்லை. வளர்த்தி நிற்கும், இலை சிறுக்கும், காய் குறையும். உண்மையிலேயே தாகத்தைத் தாங்குகிற செடி, பத்து நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்த ஆள் மாதிரிதான் நிற்கும். மேதையின் சிங்கமோ பதினான்காம் நாளும் புது மாப்பிள்ளை போலத் தளதளவென்று நின்றது.

மேதையிடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஒரு மாணவி உண்டு. அவர் எதைச் சொன்னாலும் "சரிங்க சார்" என்பாள். பிளேடு அக்கா அவளுக்கு அதையே பெயராக்கிவிட்டாள். பதினான்காம் நாள் இரண்டு ரகத்திலும் புரோலின் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கும் வேலை 'சரிங்க சார்' கைக்கு வந்தது. இலையை அரைத்து வடிகட்டி, மருந்து கலந்து, கொதிநீரில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்தால் குழாயில் சிவப்பு ஏறும். எவ்வளவு புரோலினோ அவ்வளவு சிவப்பு. சாதாவின் குழாய் பீட்ரூட் சாறு மாதிரி சிவந்தது. சிங்கத்தின் குழாய் வெளுத்துப் போய்க் கிடந்தது.

"அக்கா, நான் எங்கயோ தப்பு பண்ணிட்டேன் போல," என்றாள் மாணவி.

"மறுபடி செய்."

மூன்று தடவை செய்தார்கள். மூன்று தடவையும் அதே வெளுப்பு. இலையின் அடியில் நெயில் பாலிஷ் தடவி, காய்ந்ததும் உரித்து, அந்த அச்சை நுண்ணோக்கியில் பார்த்தாள் பிளேடு அக்கா. தண்ணீரைக் கண்ணால் பார்த்து இரண்டு வாரம் ஆனதாகச் சொல்லப்பட்ட செடியின் துளைகள், உச்சி வெயிலில் ஆவென்று திறந்து கிடந்தன.

மாணவி முடிவை எடுத்துக்கொண்டு போனாள். மேதை பார்த்தார், நாற்காலியில் சாய்ந்தார், புன்னகைத்தார்.

"இதுல இருந்து என்ன தெரியுது? சிங்கம் அவ்வளவு பலசாலி. தன்னத் தற்காத்துக்க வேண்டிய அவசியமே அதுக்கு இல்ல. இத நாம தனிக் கட்டுரையாவே எழுதலாம்."

"சரிங்க சார்."

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பிளேடு அக்காவுக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது. மழையே பெய்யாத ஊரில் ஒருவன் குடை பிடிக்கவில்லை என்பதற்காக அவனை மழைக்கு அஞ்சாதவன் என்று பாராட்டுகிற புத்தி.

அடுத்த சுற்றுச் சோதனை தொடங்கிய வெள்ளிக்கிழமை அவள் இரு பக்கத்திலும் நான்கு நான்கு தொட்டிகளைத் தராசில் நிறுத்து எழுதி வைத்தாள். திங்கள்கிழமை மறுபடி நிறுத்தாள். சாதா எடை இறங்கியிருந்தது. சிங்கம் எடை கூடியிருந்தது. காற்றைக் குடித்து எடை போடும் செடியை அவள் அதுவரை கண்டதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று கணவரிடம் சொல்லிவிட்டு நிலையத்துக்குப் போனாள். செடிகள் இருந்த கண்ணாடிக் குடிலின் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே மேதை, கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டுக் குந்தியிருந்தார். கையில் இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில்.

"என்ன சார், லீவு நாள்ல?"

அவர் திடுக்கிட்டு எழுந்ததில் பாதித் தண்ணீர் அவர் செருப்பில் கொட்டியது.

"தூசியா இருந்துச்சு. இலைய கழுவி விட்டேன்."

"இலை மேல இருக்கு சார். நீங்க வேரக் கழுவுறீங்க."

பாட்டிலை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இங்க பாரும்மா. இது நல்ல ரகம். ஆரம்பத்துல கொஞ்சம் ஆதரவு கொடுத்தா போதும், அப்புறம் தானா நின்னுக்கும். இந்த நுணுக்கமெல்லாம் உனக்குப் புரியாது."

"புரியுது சார். தொட்டியத் தூக்குனப்பவே புரிஞ்சுது."

"யாருகிட்ட பேசுறோம்னு யோசிச்சுப் பேசு. பாத்திரம் கழுவ வந்தவ சொன்னா யாரு நம்புவா?"

அவர் திருட்டுத்தனமாகத் தண்ணீர் ஊற்றியது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. திருடத் தெரியாதவர் என்றுதான் நினைத்தாள். ஆனால் கடைசியில் சொன்ன அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். அன்று அவள் தட்டைக் கணவரே கழுவினார்.

அடுத்த மாதம் வெளியிலிருந்து மூன்று நிபுணர்கள் சிங்கத்தைப் பரிசோதிக்க வந்தார்கள். மேதை முன்தினமே பிளேடு அக்காவைக் கூப்பிட்டு ஒரு பழைய பெட்டியைக் கொடுத்திருந்தார். "இதுல இருக்கிற கண்ணாடி ஸ்லைட மட்டும் காட்டு. புதுசா எதுவும் சீவ வேண்டாம்." அது போன வருஷம் தண்ணீரில்லாமல் காய்ந்து துளைகளை மூடிக்கொண்ட சாதாவின் சீவல். பெட்டி மேல் மட்டும் சிங்கம் என்று புதிதாக எழுதி ஒட்டியிருந்தது.

நிபுணர்களில் ஒருவர், தடித்த கண்ணாடி போட்ட வயதான அம்மாள், நுண்ணோக்கியை விட்டு நகரவே இல்லை. கடைசியில் நிமிர்ந்து, "சீவல் ரொம்பச் சுத்தம். யார் சீவினது?" என்றார்.

"நான்தாங்க," என்றாள் பிளேடு அக்கா. "ஆனா இது சிங்கம் இல்ல. போன வருஷத்துச் சாதா."

மேதை தொண்டையைச் செருமி, பெட்டி மாறியிருக்கலாம், பணியாளர்களின் கவனக்குறைவு என்று தொடங்கினார். பிளேடு அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"எம் பேச்ச நம்ப வேண்டாங்க. குடிலப் பூட்டுங்க. சாவிய நீங்க எடுத்துட்டுப் போங்க. பன்னெண்டு நாள் கழிச்சு வந்து பாருங்க."

அந்த அம்மாள் அப்படியே செய்தார். பூட்டும் அவரே வாங்கி வந்தார்.

ஐந்தாம் நாளே கண்ணாடி வழியாகத் தெரிந்தது. சிங்கம் தலை கவிழ்ந்துவிட்டது. மேதை காலையும் மாலையும் குடிலைச் சுற்றி வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் காத்திருக்கும் சொந்தக்காரர் மாதிரி. பன்னிரண்டாம் நாள் கதவைத் திறந்தபோது சிங்கங்கள் ஈரத் துணி போலத் தொட்டி விளிம்பில் தொங்கின. சீவிப் பார்த்தால் செல் சவ்வுகள் கிழிந்து, சாறெல்லாம் வெளியேறி, வெறும் கூடு. சாதா மட்டும் என்ன அழகாகவா இருந்தது? இலை சுருண்டு, பாதி பழுத்து, பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் தண்ணீர் ஊற்றிய மூன்றாம் நாள் அது நிமிர்ந்தது. ஒவ்வொரு சோதனையிலும் சிங்கத்துக்குத் திருட்டுத் தண்ணீர் கிடைத்தபோது, சாதா நிஜமாகவே காய்ந்து காய்ந்து எழுந்திருந்தது. அதன் செல்களுக்குக் கதவைச் சாத்தும் பழக்கம் வந்துவிட்டது. ஊட்டி ஊட்டி வளர்த்த சிங்கத்துக்குக் கதவு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

இதனால் மேதைக்கு என்ன ஆனது என்று கேட்டால், ஒன்றும் ஆகவில்லை. பூட்டியதால் காற்றோட்டம் கெட்டது என்றார். 'மேலும் ஆய்வு தேவை' என்று அறிக்கை வந்தது. மூன்று மாதத்தில் அவரைத் தலைமை அலுவலகத்துக்கு, எந்தச் செடியும் இல்லாத ஓர் அறைக்கு, ஆலோசகராக அனுப்பினார்கள். வழியனுப்பு விழாவில் நேர்மையைப் பற்றி நாற்பது நிமிஷம் பேசினார். பலர் குறிப்பெடுத்தார்கள்.

பிளேடு அக்காவைச் சாமான் அறைக்கு மாற்றினார்கள். ஏழு மாதம் காலிப் பாட்டில்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். அவள் இடத்தில் சீவ வந்தவர்கள் சீவியதை நுண்ணோக்கியில் வைத்தால் மரக்கட்டை மாதிரி இருந்ததாம். கேட்டு ரசித்தாள்.

ஒருநாள் 'சரிங்க சார்' தன் ஆய்வேட்டின் பிரதியோடு அங்கே வந்தாள். பிளேடு அக்கா வேண்டா வெறுப்பாகத்தான் புரட்டினாள். மூன்று தடவை வெளுத்த குழாய், உச்சி வெயிலில் திறந்து கிடந்த துளைகள், வெள்ளி திங்கள் எடைகள், எல்லாம் இருந்தன. மேதை நீக்கச் சொன்ன பக்கங்களை மாணவி நீக்கவில்லை. அதனால் பட்டம் ஒரு வருஷம் தள்ளிப் போயிருந்தது.

"நீ இதயெல்லாம் எழுதுவேன்னு நான் நெனைக்கல," என்றாள் பிளேடு அக்கா.

"நானும் நெனைக்கல அக்கா. புது தலைவர்கிட்ட பேசியிருக்கேன். திங்கட்கிழமையில இருந்து நீங்க மேல வந்துடலாம்."

பிளேடு அக்கா தொடர்ந்து புரட்டினாள். ஒரு பக்கத்தில் விரலை வைத்து நிறுத்தினாள்.

"இந்தத் தொட்டி எடை தப்பு. நானூத்திப் பத்து கிராம் கூடியிருந்துச்சு. நீ நானூறுன்னு போட்டிருக்க."

"முழுசா இருக்கட்டுமேன்னு போட்டேன்கா."

"நிறுத்தது நான். மாத்து."

மாணவி பையிலிருந்து பேனாவைத் தேடி எடுத்தாள்.