மொட்டை மாடியில் நட்ட நாற்று

நான் முதலியார்பேட்டையில் தங்கி மென்பொருள் வேலை பார்க்கிறேன். அப்பாவுக்குப் பாகூர் பக்கம் நெல் வயல். மழையில் பயிர் மூழ்கி அழுகியபோது, அரசு நிவாரணத்துக்கு நான்தான் விண்ணப்பித்தேன்.

"ஒரு தபா நேர்ல வந்து பாத்துட்டுப் போயேம்மா" என்றார் அப்பா.

"போட்டோவ வாட்ஸ்அப்புல அனுப்புப்பா, போதும்" என்றேன்.

சிக்னலுக்காக மொட்டை மாடிக்குப் போய், அப்பா அனுப்பிய படத்தை அரசுச் செயலியில் ஏற்றினேன். "முடிஞ்சிடுச்சுப்பா" என்று சொல்லியும்விட்டேன். ஏற்றும் இடத்தையே செயலி வயலாகக் குறித்துக்கொள்ளும் என்ற குறிப்பைப் படிக்கவில்லை.

விண்ணப்பம் தள்ளுபடியானது. வேளாண் அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கிருந்தவர் வரைபடத்தைக் காட்டி, "என்னம்மா, முதலியார்பேட்டை மாடியிலயா நாத்து நட்டீங்க?" என்று சிரித்தார். "இப்பவே போய் வயல்ல நின்னு எடுத்து, அங்கேருந்தே ஏத்துங்க, பாக்கலாம்."

உடனே அப்பாவை அழைத்தேன்.

"நேத்தே வயல ஓட்டிட்டேனேம்மா. நீதான் முடிஞ்சிடுச்சுன்னியே."

காட்டுவதற்கு அழுகிய பயிர் இல்லை. எல்லாம் சேற்றோடு உழப்பட்டிருந்தது. மறுநடவுக்கு அந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தார். பாதி வயலில்தான் நட முடிந்தது. மீதி அந்தப் பருவம் முழுக்கத் தரிசாகக் கிடந்தது.

இப்போதெல்லாம் விண்ணப்பம் என்றால் முதலில் பேருந்து ஏறுகிறேன். வரப்பில் நின்று படமெடுத்து, திரையில் தெரியும் ஊர்ப்பெயரை இருவரும் படித்த பிறகே அனுப்புகிறேன். ஏற்கப்பட்டதாகப் பதில் வரும்வரை, 'முடிஞ்சிடுச்சு' என்ற வார்த்தையை அப்பாவிடம் சொல்வதில்லை.