சாய்த்து எடுத்த படம்

ஐப்பசி பதினெட்டு, செவ்வாய்க்கிழமை, காலை பத்து நாற்பது, மெல்லிய தூறல். எனக்கு மீதமிருந்த பத்தொன்பது பற்களில் ஒன்று வலித்தது. அதைப் பிடுங்கிவிடச் சொல்லி, கணபதி என்ற ஊரில் இருக்கும் ஒரு பல் டாக்டரம்மாவிடம் போனேன்.

ஒல்லியான உருவம். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டுதான் எக்ஸ்ரே படத்தைப் பார்ப்பார். நான் காட்டிய பல்லை விட்டுவிட்டு அக்கம்பக்கத்துப் பற்களையே முதலில் தட்டிப் பார்த்தார். முதல் படத்தில் எல்லா வேர்களும் நன்றாக இருந்தன. இன்னொன்று எடுக்க வேண்டும் என்றார்.

“ஏனுங்க டாக்டரம்மா, ஒண்ணு பத்தாதுங்களா?”

“நேரா நின்னு பாத்தா செவுத்து விரிசலே தெரியறதில்லீங்கய்யா, வேரு விரிசல் தெரியுமுங்களா? கொஞ்சம் சாச்சு எடுக்கோணுமுங்க.”

“வலிக்கறது எனக்குங்க. எந்தப் பல்லுன்னு எனக்குத் தெரியாதுங்களா?”

“வலி பக்கத்தூட்டுக்குப் போயிருமுங்க.”

சாய்த்து எடுத்த படத்தில், நான் காட்டியதற்கு அடுத்த பல்லின் வேரில் மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. எட்டு வருடத்துக்கு முன் வேர் சிகிச்சை செய்த பல் அது. அதைத்தான் எடுத்தார். நான் பிடுங்கச் சொன்ன பல்லால் இன்று காலை முறுக்குக் கடித்தேன்.

படம் எடுக்கும் முன்பே அவருக்கு எப்படிச் சந்தேகம் வந்தது என்பது மட்டும் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. இரண்டு படத்துக்கும் பல் எடுத்ததற்கும் சேர்த்து ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.