வாசலில் பதினெட்டு அடி

காலை ஆறு பத்துக்குக் குழாயடியிலிருந்து குடத்தோடு திரும்பிய நான் முதலில் பார்த்தது, எங்கள் வீட்டின் மூன்று படிகளையும் காணவில்லை என்பதை. டிராக்டர் கொட்டிவிட்டுப் போன கிராவலும் ஜல்லியும் என் உயரத்துக்குத் தெருவில் குவிந்து அவற்றை மறைத்திருந்தன.

அன்று திங்கள், பள்ளிக்கூடம் லீவு. அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை அப்பா வருவதாக இருந்தது. கரும்பு லோடின் மேலிருந்து விழுந்து, விழுப்புரத்து ஆஸ்பத்திரியில் ஐம்பது நாள் படுத்திருந்தவர். நாலு மாதம் சக்கர நாற்காலி, பொங்கலுக்கு நடந்துவிடுவார் என்று வீட்டில் பேச்சு. நாற்காலி ஏறி இறங்க, தெருவிலிருந்து கதவு வரை பதினெட்டு அடிக்கு ஒரு கான்கிரீட் சரிவு போட வேண்டும். பாண்டிச்சேரியில் கட்டட வேலை செய்யும் மாமா, அம்மாவின் தம்பி, அதற்காகவே வந்து இரண்டு பக்கமும் செங்கல் சுவர் கட்டி வைத்திருந்தார்.

கான்கிரீட்டுக்கு அடியில் இருப்பதுதான் முக்கியம் என்பது மாமாவின் கட்சி. சுவர்களுக்கு நடுவே அரை அடிக்குக் கிராவல் கொட்டுவார். பரப்பித் தண்ணீர் தெளித்து, நீளப் பிடி வைத்த இரும்புத் திமிசால் இடிப்பார். பிறகு குதிகாலை ஊன்றி மிதிப்பார். தடம் விழுந்தால் மறுபடி இடி. விழாவிட்டால்தான் அடுத்த அரை அடி.

அம்மாவுக்கு அது ஆகவில்லை. அன்றைக்கே கான்கிரீட் போட்டால் காய இன்னும் ஒரு நாள் கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஓரிடத்தில் நிற்கவில்லை. அப்பாவின் கட்டிலை உள்ளே மூன்று முறை இடம் மாற்றிப் போட்டார். குவியலில் ஏறிச் சறுக்கிய எனக்கு முதுகில் ஒன்று விழுந்தது.

முதல் அடுக்கு முடிந்ததும் மாமா டீ குடிக்க ரோட்டுக்குப் போனார். அம்மா என்னைப் பார்த்தார். கதவுப் பக்கம் பாக்கியிருந்த பள்ளம் முழுவதையும் நாங்கள் இருவரும் ஒரேயடியாகக் கொட்டி நிரப்பினோம். தண்ணீர் ஊற்றி, மேலே மட்டும் அம்மா அவசரமாக இடித்தார்.

மாமா திரும்பி வந்து மிதித்துப் பார்த்தார். தடம் விழவில்லை.

"அதுக்குள்ளயா? எத்தினி தடவ கொட்னீங்க, பாப்பா?"

"ரெண்டு" என்றேன்.

"கலவை மிஷின இன்னிக்கே வரச் சொல்லுடா" என்றார் அம்மா.

"நெசமா சொல்லுக்கா. அடியில லூசா இருந்தா ஒரு மழைக்கு உக்காந்துக்கும்."

"உக்காந்தா உக்காரட்டும். நாலு மாசத்துக்கு இன்னா கோட்டையா கட்டிக்கினு இருக்க? பொங்கலுக்கு அவுரே நடந்து வந்து இதப் பேத்துப் போட்டுடுவாரு."

மாமா திமிசைச் சுவரில் சாய்த்து வைத்தார். கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"பேக்க வேணாங்கா. இருவது வருசம் கெடக்கணும்."

"யாரு சொன்னது?"

"பெரிய டாக்டரு."

"எப்போ?"

"வெள்ளிக்கெழம."

அம்மா உள்ளே போனார். செம்பு உருளும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது புடவையைத் தூக்கிச் செருகியிருந்தார். கையில் கடப்பாரை.

"ஒரே தடவதான் கொட்னோம். இந்தப் பக்கம் பூரா எடுக்கணும்."

எனக்கு அழுகை வந்தது. அவருக்காகச் சொன்ன பொய்யை அவரே போட்டு உடைத்துவிட்டார். எத்தனையோ சட்டி சுமந்தது வேறு வீண். மாமா கடப்பாரையைக் கேட்டுக் கை நீட்டினார். அம்மா கொடுக்கவில்லை. நாங்கள் நிரப்பியதை எல்லாம் கிளறி வெளியே தள்ளி, அரை அடி அரை அடியாகத் திரும்பக் கொட்டினார். இடித்ததும் அவர்தான். ஒவ்வொரு அடுக்கிலும் தானே குதிகாலை ஊன்றிப் பார்த்தார். என்னையும் கூப்பிட்டுக் குதிக்கச் சொன்னார். தடம் விழாத இடத்தையும் இடித்தார். பொழுது சாய்ந்தபோது, போதும்கா என்று மாமா இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

மறுநாள் மிஷின் வந்தது. நான் பள்ளிக்கூடத்தில், எங்கள் வீட்டுச் சரிவு இருபது வருஷம் தாங்க வேண்டும் என்று விழுப்புரத்துப் பெரிய டாக்டரே சொல்லி அனுப்பியதாகப் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். டாக்டருக்குக் கட்டட வேலையும் தெரியுமா என்று ஒருத்தி கேட்டாள். பெரிய டாக்டருக்குத் தெரியும் என்றேன். அவர் சொன்னது அப்பாவின் கால்களைப் பற்றி என்று எனக்குத் தோன்றவே இல்லை. பொங்கலுக்குப் படிகளைத் திரும்ப வெளியே எடுக்கும்போது கடப்பாரையை நான்தான் பிடிப்பேன் என்று அம்மாவிடம் சொல்லி வைத்தேன். சரி என்றார்.

இப்போது வீட்டில் இருப்பது அப்பாவின் மூன்றாவது நாற்காலி. சரிவில் இதுவரை விரிசல் இல்லை.