டான்டலக் கட்டிக்கு வைத்த பொட்டு

மூவாயிரம் டிகிரியைப் பற்றி எனக்கு யாரும் கதை சொல்ல வேண்டாம். தினமும் அதன் முகத்தில்தான் விழிக்கிறேன். பத்து பெரண்டாம் என்ற ஊரில் இருக்கும் எங்கள் தொழிற்சாலையில் டான்டலம் என்ற உலோகத்தை உருக்குகிறோம். உலையிலிருந்து காற்றையெல்லாம் உறிஞ்சிவிட்டு, எலக்ட்ரான் கற்றையைக் கட்டியின் மேல் பாய்ச்சுவோம். கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், அந்த முரட்டு உலோகம் வெள்ளை வெளேரென்று சொட்டுச் சொட்டாக அச்சுக்குள் இறங்கும். ஷிப்டு முடிந்த பிறகும் நின்று பார்ப்பேன்.

கட்டிகளைக் கழுவித் தருவது ரெம்பியாவிலிருந்து பஸ்ஸில் வரும் ஓர் அக்கா. ஒப்பந்த வேலை. துளி அழுக்கு பட்டாலும் உலோகம் கெட்டுவிடும் என்பதால், கையுறை போடாமல் யாராவது கட்டியைத் தொட்டால் போதும், அன்றைக்கு அக்காவிடம் அர்ச்சனைதான்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, முந்தைய ஷிப்டுக்காரர்கள் உலையில் ஏற்றி வைத்திருந்த கட்டியை உருக்க ஆரம்பித்திருந்தேன். அக்கா சிரித்துக்கொண்டே வந்தார். தராசுக்கும் ஃபோர்க்லிஃப்டுக்கும் பொட்டு வைப்பது எங்கள் வழக்கம்தான்.

"கட்டிக்கும் வெச்சிட்டேன்லா தம்பி. கழுவுனப்புறம், அடிப்பக்கமா, விபூதியும் பூசி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விரல் ரேகையையே விடாத மனுஷி! விபூதி அவருக்கு அழுக்குக் கணக்கில் வரவே இல்லை.

"உங்க வேலைக்கே வேட்டு வெச்சிட்டீங்களேக்கா" என்று கத்திவிட்டேன். அவர் முகம் செத்துப்போனது. அந்த மாதம்தான் அவருடைய ஒப்பந்தம் முடிகிறது.

சீன சூப்பர்வைசரிடம் மறைக்காமல் சொன்னோம். பாதி உருகியதை நிறுத்த முடியாது, முடியட்டும் என்றார். சோதனைக்கூடத்தில் கட்டி கெட்டது என்று வந்தால் அக்கா நாளையிலிருந்து வர வேண்டாம் என்றும் சொன்னார். அன்று முழுக்க அக்கா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மாலையில் முடிவு வந்தது. கட்டி சுத்தம். உலோகம் உருகும் முன்பே சாம்பலும் குங்குமமும் ஆவியாகிப் போயிருந்தன. பம்ப் அதையும் உறிஞ்சிவிட்டது. சூப்பர்வைசர் நன்றாகத் திட்டிவிட்டு, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கச் சொன்னார்.

இத்தனை வருஷத்தில் அக்கா உலைக்குள் எட்டிப் பார்த்ததே இல்லையாம். அடுத்த உருக்கின்போது கூட்டிவந்து அந்தக் கண்ணாடி முன்னால் நிறுத்தினேன். வெகுநேரம் அசையாமல் பார்த்தார். கையுறையோடே கை கூப்பினார்.

"இதுக்குப் போயி நான் விபூதி பூசுனேனே, தம்பி" என்றார்.