நாள் பாராத பந்தல்

ஜெர்மனியில், வுப்பர்டால் நகரில் உடுப்புத் திருத்தும் கடையொன்றில் பல வருடம் தைத்தேன். முதலாளி அம்மா ஜெர்மன்காரி. அந்தக் கோடையில் முழங்கால் நோவு தாங்காமல் கடையை விடப்போவதாகவும், விருப்பமென்றால் என்னிடமே தருவதாகவும் சொன்னார். எனக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். அகதியாக வந்த நாளிலிருந்து சொந்தக் கடைதான் என் ஆசை. ஆனால் யோசித்துச் சொல்கிறேன் என்றுதான் வாயில் வந்தது.

யோசித்தது நானல்ல, பஞ்சாங்கம். ஆடியில் தொடங்கக் கூடாது. ஆவணியில் கணவருக்குக் கிரகம் சரியில்லை. பிறகு கணவரே, "புரட்டாதி கழியட்டும், ஐப்பசியிலை சொல்லும்" என்றார். நானும் ஓமென்று தலையாட்டினேன். உண்மையில் எனக்குப் பயம். நாள் நட்சத்திரம் அதை மூடிவைக்க நன்றாக உதவியது.

எங்கள் மேல்மாடியில் ஒரு யூதப் பெண் இருக்கிறாள். உக்ரைனிலிருந்து வந்தவள், என் வயதுதான். புரட்டாதியில் அவர்களுக்கு ஒரு பெரிய விரதம் வந்தது, தண்ணீர்கூடக் குடிக்காத விரதம். பொழுதுபட்டு விரதம் முடிந்த கையோடு என் வீட்டு மணியை அடித்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. கேட்டது சாப்பாடல்ல, சுத்தியல்.

சில நாளில் இன்னொரு பண்டிகையாம். வானம் தெரிகிற பல்கனியில் சின்னப் பந்தல் போட்டு, ஒரு கிழமை அதற்குள் இருந்துதான் சாப்பிடுவார்களாம். அதன் முதலாவது ஆணியை இன்றைக்கே அடிக்க வேண்டுமாம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "முதல் போய்ச் சாப்பிடு, பந்தல் எங்கையும் ஓடாது" என்று ஏசினேன்.

"ஒரு துண்டு கேக் சாப்பிட்டன், காணும்" என்றாள். "இனி நல்லா நடப்பன் எண்டு நாள் முழுக்கக் கடவுளிட்டைச் சொல்லிப்போட்டு, முடிஞ்ச உடனை படுக்கிறதோ? செய்ய வேண்டியது கைக்கு வந்தால் காக்க வைக்கப்படாது. எங்களுக்கு அப்பிடித்தான் பழக்கம்."

விறைப்பாகத்தான் மேலே போனேன். பலகையை நான் பிடிக்க அவள் அடித்தாள். ஒரே ஆணி. மிச்சம் பிறகு என்று சூப் குடிக்கப் போய்விட்டாள். கலியாண வீட்டில் பந்தலுக்குக் கன்னிக்கால் நட நாங்கள் நேரம் பார்க்கிற பாட்டை நினைத்தேன். இங்கே பலகை கோணலாக நின்றது, ஆனால் நின்றது. எனக்குச் சிரிப்பும் வெட்கமும் ஒன்றாக வந்தன.

படியிறங்கும்போதே முதலாளி அம்மாவுக்குப் போன் எடுத்தேன். "கடையை நான் எடுக்கிறன்."

அவர் சொன்னார்: "இண்டைக்கு மத்தியானம்தான் போன் விக்கிற ஒருத்தருக்குக் கடையைக் கையெழுத்து வைச்சுக் குடுத்தனான். உமக்கு விருப்பமில்லை எண்டெல்லோ நினைச்சன்."

வழக்கமான நான் என்றால் விதி என்று சொல்லி போனை வைத்திருப்பேன்.

"தையல் மெஷினுகள்?" என்று கேட்டேன்.

"அவருக்கு அதுகள் வேண்டாமாம்."

"அப்ப ஒருத்தருக்கும் குடுக்காதேங்கோ. நாளைக்கே வந்து எடுக்கிறன்."

கடை போனது போனதுதான். இன்றைக்கும் அந்தத் தெருவால் போக எனக்கு மனமில்லை. ஆனால் மறுநாள், வரவேற்பறையில் கிடந்த சோபாவைச் சுவரோடு ஒதுக்கிவிட்டு, மெஷின்களை எடுக்கக் கணவரையும் கூட்டிக்கொண்டு போனேன்.

எங்கள் வீட்டுப் படியில் பாரம் தாங்காமல் மூச்சுவாங்கியபடி அவர் கேட்டார்: "புரட்டாதியிலை தொழில் தொடங்கிறதோ?"

"ஓம்" என்றேன். "அந்தப் பக்கத்தை வடிவாத் தூக்குங்கோ."