நின்ற நேரமும் எழுந்த நேரமும்

மாத முடிவில் அறிக்கை எடுப்பது என் வேலை. டெல்டாவில் சில அரிசி ஆலைகளின் டேட்டாபேஸ்களைத் தஞ்சாவூரில் உள்ள எங்கள் சிறிய அலுவலகம்தான் கண்காணிக்கிறது. கண்காணிப்பு மென்பொருள் ஒவ்வொன்றையும் ஓயாமல் தட்டிப் பார்க்கும். பதில் வராவிட்டால் 'நின்றது' என்று குறித்துக்கொள்ளும். வந்தால் 'எழுந்தது' என்று. அரை மணிக்குக் குறைவான நிறுத்தங்களைக் கழித்துவிட்டு மீதியை அறிக்கையாக்கி அனுப்புவேன். பெரும்பாலும் யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தபோது, நன்னிலம் பக்கத்து ஆலை முதலாளி போன் செய்தார்.

"சர்வர் நின்னா எடை பில் போட முடியலம்மா. டிராக்டர் ரோடு வரைக்கும் நிக்குது. ஒருத்தன் பொறுப்பான், எல்லாரும் பொறுப்பாங்களா? வண்டியத் திருப்பிக்கிட்டு அடுத்த மில்லுக்குப் போயிடறான்."

"நிக்கிறதுக்குக் காரணம் பாக்கறேன் சார்."

"காரணம் எனக்குத் தெரியும். பில் போடுற அம்மாவோட தம்பி அந்த மில்லுலதான் வேல பாக்குறான். நீ ரிப்போர்ட்ட மட்டும் எடுத்துக் குடு. இந்த மாசத்தோட அவங்கள நிப்பாட்டிடறேன்."

ஒருவருடைய வேலை என் அறிக்கையில் தொங்குவது அதுவே முதல் தடவை. கவனமாக எடுத்தேன். எடுத்ததும் எனக்கும் சந்தேகம் வந்தது.

நின்ற நேரங்கள் எப்படி எப்படியோ இருந்தன. எழுந்த நேரங்கள் அப்படி இல்லை. செவ்வாய் என்றால் நாலரையை ஒட்டி. புதன் என்றால் ஒன்றரை. வெள்ளி என்றால் பன்னிரண்டு. இயந்திரம் தானாக எழுந்தால் இப்படி எழாது. யாரோ கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். என் பழக்கப்படி ஒரு தாளில் வரிசையாக எழுதினேன்: மறுபடி தொடங்குவது பில் போடுபவர் கையில் இருக்கிறது. கிழமைக்கொரு நேரம் வைத்திருக்கிறார்கள். நின்றால் தானாக எழும் வசதியை நிறுவும்போதே ஆலைக்காரர்கள் வேண்டாம் என்றிருக்கிறார்கள். ஏன் என்று எங்கள் பக்கம் யாரும் கேட்டு வைக்கவில்லை. மூன்றாவதுதான் என்னை அதிகம் உறுத்தியது.

அறிக்கையை அனுப்பாமல், வெள்ளிக்கிழமை காலை சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது சர்வர் நின்றுதான் இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் ஆலை மோட்டார்களில் சுமை ஏறும்போது மின்னழுத்தம் இறங்கி, கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி வந்திருக்கிறது; அதிலுள்ள டேட்டாபேஸ் சர்வரை மட்டும் யாராவது தொடங்கி வைக்க வேண்டும். யு.பி.எஸ். பேட்டரி செத்துப்போய் எத்தனை நாளோ. அது புரிந்தது. புரியாதது, பில் அறையில் இருந்த அக்கா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான். ஜன்னலுக்கு வெளியே நெல் வண்டிகள்.

"எக்கா, சர்வர் வருமா, இல்ல பொண்ணு பாத்துக் கட்டி வெச்சாதான் வருமா?" என்று ஒருவர் கத்தினார்.

"உனக்கே இன்னும் பாக்கல, அதுக்கு என்னய்யா அவசரம்? நில்லு."

நான் இன்னாரென்று சொன்னேன். "ஸ்டார்ட் பட்டனை அழுத்தலாமேக்கா" என்றேன்.

"அழுத்தலாம் தங்கச்சி. பன்னெண்டு ஆவட்டும்."

"ஏன் பன்னெண்டு?"

என் சந்தேகம் குரலில் தெரிந்திருக்க வேண்டும். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "வெள்ளிக்கிழமைல்ல? பத்தரை பன்னெண்டு ராகு காலம்."

எங்கள் வீட்டில் காலண்டரில் விடுமுறை நாள் மட்டும்தான் பார்ப்போம். செவ்வாய், புதன், வெள்ளி என்று நானே வரிசையாக எழுதிய தாள் கைப்பையில் இருந்தது. உடனே கழித்துவிட்ட சிறு நிறுத்தங்களைப் போனில் எடுத்துப் பார்த்தேன். ராகு காலம் இல்லாத வேளையில் நின்றவை எல்லாம் சில நிமிடங்களிலேயே எழுந்திருந்தன. அவற்றை நான்தான் அறிக்கைக்கு வெளியே தள்ளியிருந்தேன்.

முதலாளி அறைக்குள் வந்தார். என்னைப் பார்த்ததும், "என்னம்மா, ஆதாரம் கெடச்சுதா?" என்று அக்காவின் காதில் விழும்படியே கேட்டார்.

"கெடச்சுது சார். ராகு காலத்துல இவங்க ஸ்டார்ட் பண்றதில்ல."

"யாரு அப்படிச் சொன்னது?"

அக்கா எழுந்தார். "நீங்கதான் மொதலாளி. இந்த மில்லுல எந்த மிஷினையும் ராகு காலத்துல ஸ்டார்ட் பண்ணக்கூடாதுன்னு எல்லாரையும் நிக்க வெச்சுச் சொன்னீங்க. இது தானா ஓடும்னு தஞ்சாவூர்க்காரங்க சொன்னப்பகூட, அதெல்லாம் வேணாம், நேரம் பாத்து நாமளே ஓட்டிக்கலாம்னு சொன்னது யாரு?"

"அது பாய்லருக்கு, ஹல்லருக்குச் சொன்னது."

"கரன்ட்டுல ஓடுறதெல்லாம் மிஷினுதான்னீங்க. இப்ப என் தம்பியப் போயி இழுக்குறீங்க."

தம்பி விஷயம் அக்காவுக்கு எப்படித் தெரிந்தது என்று முதலாளி கேட்கவில்லை. ஜன்னல் வழியாக வண்டிகளைப் பார்த்தார். ஒரு வண்டி திரும்பிக்கொண்டிருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அழுத்து என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

கடைசியில் என் பக்கம் திரும்பினார். "நீங்க உங்க ஆபீஸ்லேருந்தே ஸ்டார்ட் பண்ணலாமாம்மா?"

"பண்ணலாம் சார்."

"அப்ப நின்னா நீங்களே பண்ணிடுங்க. நம்ம கை படாம இருந்தா போதும்." பிறகு அக்காவிடம், "நீ உக்காரு. டீ சொல்லு" என்றார். வேலை போகவில்லை என்பதை அவர் சொன்ன விதம் அதுதான்.

அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் 'யு.பி.எஸ். பேட்டரி' என்று எழுதினேன். பொய்யில்லை. புது பேட்டரி மட்டும் இன்னும் வரவில்லை.

அடுத்த மாத அறிக்கையில் அந்த ஆலைக்கு ஒரே ஒரு நீண்ட நிறுத்தம் இருந்தது. நான் பார்ப்பதற்கு முன்பே அக்கா போன் செய்துவிட்டார்.

"என்ன தங்கச்சி, செவ்வாக்கெழம நாலரை வரைக்கும் பில்லே போடல. உங்க ஆபீஸ்ல யாரோட தம்பி அடுத்த மில்லுல வேல பாக்குறான்?"

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் விடுப்பு. பணியில் இருந்தவர் பக்கத்து இருக்கைக்காரர், என்னைவிடப் படித்தவர். கேட்டேன்.

"நெட் ஸ்லோவா இருந்துச்சுங்க" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் மேசைமேல் இருந்த தினசரிக் காலண்டரை அன்றுதான் கவனித்தேன். அன்றைய தேதி வரை ஒழுங்காகக் கிழிக்கப்பட்டிருந்தது.