கதிர்ச் சருகன்

எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஜெயந்தி சபை நடுவே தலைகுனிய வேண்டும் என்று நான் விரும்பினேன்.

நீங்கள் என்னைக் காறித் துப்புவதற்கு முன் முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் இருவரும் திருச்சியில் ஒரே பள்ளியில் ஆசிரியைகள். அவளுடைய ஒரே மகன் கதிர் காய்ச்சலில் போன பிறகு, அவளை வற்புறுத்தி ஸ்ரீரங்கத்து வாழைத் தோப்புகளுக்கு வண்ணத்துப்பூச்சி பார்க்க அழைத்துப் போனவளே நான்தான்.

ஒரு கோடையில் கொள்ளிடக் கரையில், சருகு நிறத்தில், புள்ளியே இல்லாத பூச்சி ஒன்றைப் படம் எடுத்தாள். எங்களிடமிருந்த புத்தகத்தில் அது இல்லை. புதிய இனம் என்றே நம்பிவிட்டாள்.

"கதிர்ச் சருகன்னு பேரு வைக்கப் போறேன்" என்றாள். மகன் போனபின் அன்றுதான் அவள் சிரித்துப் பார்த்தேன்.

அது புதிய இனம் அல்ல. மழைக்காலத்தில் சிறகில் கண் போன்ற புள்ளிகளோடு பறக்கிறதே, அதே பூச்சிதான். முந்தைய ஆண்டு மழை ஓயும் நேரத்தில் அந்தப் புள்ளிக்காரி இட்ட முட்டைகளை எடுத்துவந்து, வீட்டில் புல் போட்டு வளர்த்தேன். வெளிவந்தவை எல்லாம் சருகு நிறம்! அவளிடம் காட்டவில்லை. காட்டினால் அதிலும் ஒரு குறை சொல்வாள் என்ற வீம்பு.

ஆம், குறை சொல்வாள். பிள்ளைகள் எதிரிலேயே என்னைத் திருத்துவாள். ஒருமுறையாவது அவளை யாராவது திருத்தட்டுமே... இரக்கத்தால்தான் பேசாமல் இருந்தேன் என்று வெகுகாலம் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். அதுவா இரக்கம்?

பூச்சி ஆர்வலர்கள் கூட்டத்தில் மேடையேறிப் பெயரை அறிவித்தாள். பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார்.

"மேடம், மழைக்காலத்துல புள்ளியோட வருமே, அதேதாங்க இது. கோடையில இப்படித்தான் இருக்கும்."

சிலர் சிரித்தார்கள். அது அவள் மகன் பெயர் என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டாள்: "உனக்கும் தெரியாதாடி?"

"தெரியாது" என்றேன்.

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு, "அவன் பேரையும் எடுத்துட்டாங்க" என்றாள்.

அதன்பின் அவள் தோப்புப் பக்கமே வரவில்லை. ஆனால் என் நட்பை விடவில்லை. போன வாரம் ஆசிரியர் அறையில் யாரோ அந்தக் கூட்டத்தை நினைவுபடுத்திக் கேலி செய்தபோது, என் தோளில் கைபோட்டுச் சொன்னாள்: "இவளுக்கு மட்டும் முன்னாடியே தெரிஞ்சிருந்தா, என்னை மேடை ஏற விட்டிருப்பாளா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். விட்டிருக்க மாட்டேன் என்று தலையாட்டினேன்.